கிளப் பட்டறைக் குறிப்புகள்: ஒன்பது கிளப், பன்னிரண்டு நாள்

ஜூன் 2

மேசைக்கு மூன்று செட் ஜக்லிங் கிளப் (மேலே வீசி மாற்றி மாற்றிப் பிடிக்கும் வித்தைக் கட்டை) வந்திருக்கிறது, மொத்தம் ஒன்பது. எல்லாமே உள்ளே மரத்தண்டு ஓடும் வகை. சுமார் 52 செ.மீ. நீளம், 210 முதல் 230 கிராம் வரை எடை. தண்டின் ஒரு முனையில் ரப்பர் குமிழ், மறுமுனையில் பிளாஸ்டிக் குடம், குடத்தின் உச்சியில் மூடி. குமிழையும் மூடியையும் ஆளுக்கொரு ஸ்க்ரூ தண்டோடு பிடித்திருக்கிறது, தண்டு குடத்துக்குள் நுழையும் கழுத்தை ஸ்டேப்பிள் பின்கள்.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தோம். கிலுகிலுவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்த ஸ்டேப்பிள் பின்னோ மரச்சில்லோ கிடக்கிறது. டொக்கென்று ஒற்றை அடி கேட்டால் குடமே தண்டின் மேல் தளர்ந்துவிட்டது. அடுத்து குமிழைத் திருகிப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கைப்பிடியை ஒரு கையிலும் குடத்தை மறு கையிலும் பிடித்து, கழுத்தில் லேசாக வளைக்க வேண்டும். கிரீச்சென்றால் தண்டில் விரிசல், வெளியில் ஒன்றும் தெரியாது.

நிலவரம்: 1, 3, 4, 8 ஆகியவற்றில் குமிழ் ஆட்டம். 6-இல் தண்டு முறிவு. 2-இல் குடம் கிழிந்திருக்கிறது. 5, 9 இரண்டிலும் பள்ளம். கைப்பிடி நாடா ஒன்பதிலுமே பிசுபிசுப்பு. மாஸ்கிங் டேப்பில் எண் ஒட்டி, எடையும் சமநிலைப் புள்ளியும் நோட்டில் ஏறிவிட்டன. இதை எழுதாமல் பிரித்தால் கடைசியில் செட் சேராது.

ஜூன் 3

இன்று முழுக்கக் குமிழ் வேலை.

1-இன் ஸ்க்ரூவைக் கழற்றியதும் மரைகளுக்கு இடையில் மாவு மாதிரி மரத்தூள் இறுகிப் போயிருந்தது. காரணம் மரத்தின் போக்கு. தண்டின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன, ஸ்க்ரூவும் அதே வாக்கில்தான் இறங்குகிறது. குறுக்கே இறங்கும் ஸ்க்ரூவை நீண்ட நார்கள் கவ்விப் பிடிக்கும். முனையில் இறங்கும் ஸ்க்ரூவுக்கோ மரைக்கு மரை நறுக்கிய குட்டைத் துணுக்குகள்தான் பிடிமானம். குமிழ் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் அவை கொஞ்சம் பொடியாகின்றன. அதற்குமேல் இறுக்க இறுக்க ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான்.

செய்தது: ஊதித் தூளை எடுத்து, ஓட்டைக்குள் ஃபெவிகால் விட்டு, அதில் தோய்த்த மூங்கில் பல்குச்சிகளை இனி நுழையாது என்கிற வரை அடைத்தோம். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு போதும். தண்டு மட்டத்துக்கு நறுக்கிவிட்டு 24 மணி நேரம் தொடக்கூடாது. இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். ஓட்டை ஆழமாகையால் காற்றுப் போக்கு கிடையாது.

ஃபெவிக்விக் வேண்டாம். உடனே இறுகும், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அடி வாங்கும் இடத்துக்கு அது ஒத்துவராது.

8-க்கு இந்த வைத்தியம் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது, உள்ளே பழைய குச்சிகள் தெரிகின்றன. அதற்குக் குறுக்கு ஆப்பு: தண்டு முனையிலிருந்து 18 மி.மீ. உள்ளே, பக்கவாட்டில் 6 மி.மீ. துளை போட்டு, அதே கனமுள்ள மர ஆப்பைப் பசையோடு அடித்து, வெளியே நீட்டுவதை அறுத்தாயிற்று. இனி ஸ்க்ரூ அந்த ஆப்பின் நார்களைக் குறுக்கே கடந்து போகும், பிடிப்பு பலமடங்கு. இதை முனைக்கு அருகில் மட்டுமே செய்யலாம். கழுத்துப் பக்கம் இப்படித் துளைத்தால் முறிவை நாமே அழைத்து வைக்கிறோம்.

ஜூன் 4

பசை காய்ந்தது. குமிழ்களுக்கு ஒன்றரை அங்குல ஸ்க்ரூ (8 என்பது இங்கே ஸ்க்ரூவின் கன நம்பர், கிளப் எண் அல்ல), அதற்கு 3 மி.மீ. முன்துளை. மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து, கையாலேயே ஏற்றினோம். பவர் டிரைவர் வைத்தால் கடைசி அரைச் சுற்றில் எல்லாம் வீணாகிவிடும். வாஷர் ரப்பரில் அமிழத் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். அதற்குமேல் போனால் ரப்பர் பிதுங்கி, மாதக்கணக்கில் வாஷரைச் சுற்றி வெடிக்கும்.

ஜூன் 6

6-ஆம் எண். முறிந்த இடம் வழக்கமான இடம்தான்: தண்டு குடத்துக்குள் நுழையும் கழுத்து. கைப்பிடி வளையக்கூடியது, குடத்துக்குள் இருக்கும் பகுதி வளைய முடியாதது. இரண்டும் சந்திக்கும் விளிம்பில் அடியின் பாரம் முழுக்கக் குவிகிறது. போதாக்குறைக்கு அதே இடத்தில் ஸ்டேப்பிள் பின் இறங்கிய ஓட்டைகள் வேறு.

முறிந்த தண்டை அரால்டைட் போட்டு ஒட்டலாமா என்று கேட்பார்கள். ஒட்டும். ஆனால் ஒட்டிய இடம் விறைத்துப்போய், அடுத்த முறிவு அதற்கு ஒரு விரல் தள்ளி வரும். கழுத்துக்கு வளைவு வேண்டும். உடற்பயிற்சிக்குச் சுழற்றும் கர்லாக்கட்டை ஒரே மரத்தில் கடைந்தது, அதில் விட்டுப்போக இணைப்பே இல்லை. வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோய் ‘இந்தியன் கிளப்’ என்று பெயரிட்ட அந்தக் கட்டையின் வழிவந்ததுதான் ஜக்லிங் கிளப். எடை குறைய வேண்டும் என்று உள்ளே வெற்றிடமாக்கியதில் இணைப்புகள் பெருகின, பழுதும் அங்கேதான் வருகிறது.

ஆகவே புதுத் தண்டு. மூடி, குமிழ் இரண்டையும் கழற்றி, கைப்பிடி நாடாவைக் கீறி, கழுத்துப் பின்களைக் குறடால் பிடுங்கி, குடத்தை உருவினோம். உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அளந்ததில் 49 செ.மீ. நீளம், 16 மி.மீ. கனம், 71 கிராம்.

தண்டு தேர்வில்தான் பாதி வெற்றி. மரத்தின் நார் ரேகை நேராக ஓட வேண்டும். 20 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ.க்கு மேல் ரேகை பக்கவாட்டில் சாய்ந்தால் அந்தச் சாய்வு வழியாகவே பிளக்கும். கண்ணாடி மேல் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். கையிலிருந்த நான்கு தேக்குத் தண்டுகளில் நேராக இருந்தவை இரண்டு, அதில் கனமானது 67 கிராம். 120, பிறகு 220 உப்புத்தாள். இரு முனைகளின் விளிம்பையும் 1 மி.மீ. மழுக்கினோம். கூர்மையாக விட்டால் மூடியை உள்ளிருந்து வெட்டும்.

ஸ்க்ரூ துளை நடுமையத்தில் இருக்க வேண்டும். முனையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு விட்டங்களை வரைந்து, வெட்டும் புள்ளியில் ஆணியால் குத்திவிட்டே துளையிட்டோம். 2 மி.மீ. விலகினாலும் காற்றில் சுற்றும்போது குடம் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும்.

பூட்டும்போது முதலில் மூடி ஸ்க்ரூ, பிறகு கழுத்து. பழைய ஓட்டைகள் புதுத் தண்டுக்குக் கிடையாது என்பதால் பின்களை ஒரே வட்டத்தில் அடிக்காமல் மேலும் கீழுமாக மாற்றி அடித்தோம்.

ஜூன் 8

2-இன் குடத்தில், வார்ப்புத் தையல் ஓடும் கோட்டில் 4 செ.மீ. கிழிசல். குடம் பாலிஎதிலீன். எந்தப் பசையும் இதில் நிலைக்காது, ஒட்டிய மறுநாள் நகத்தால் உரித்துவிடலாம். உருக்கித்தான் சேர்க்க வேண்டும். கிழிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை, அதற்குமேல் கிழிசல் ஓடாமலிருக்க. பிறகு 25 வாட் சால்டரிங் அயர்ன், கூடவே பழைய கிளப் ஒன்றின் குடத்திலிருந்து வெட்டிய கீற்று. வேறு பிளாஸ்டிக் கீற்று கலக்காது. குடத்தின் சுவர் மெல்லியது, முழு ஆழத்துக்கும் அழுத்தினால் ஓட்டை விழும். புகை வந்தால் சூடு அதிகம். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

5, 9 பள்ளங்கள்: ஹேர் டிரையரை நகர்த்திக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் காட்டியதில் 5 தானே எழும்பிவிட்டது. 9-க்கு மூடியைக் கழற்றிக் குடத்தை உருவி, மழுங்கிய கரண்டிக் காம்பால் உள்ளிருந்து தள்ள வேண்டியிருந்தது. தண்டுள்ள கிளப்பை வெந்நீரில் போடாதீர்கள். கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் ஊதும், பின்கள் துருப்பிடிக்கும்.

ஜூன் 10

நாடா. பழைய கோந்தில் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி ஊறவிட்டு, துணியால் உருட்டி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் துடைத்து, நன்றாக உலர்த்தியாயிற்று. எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் புது நாடா நழுவும். மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பைக் கைப்பிடிக்குப் போடுவதுதான் இந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம். நம் வெயிலில் அதன் கோந்து இளகி ஓரத்தில் வழியும். டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் மெல்லிய கிரிப் நல்லது.

சுற்று குமிழில் தொடங்கிக் கழுத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் குமிழ்ப் பக்கம் பார்க்கும், ஓடு வேய்ந்தது போல. கை குமிழை நோக்கி வழுக்கும்போது விளிம்பு தட்டாது. மேல்சுற்று கீழ்ச்சுற்றை 3 மி.மீ. மூடினால் போதும். ஒன்றுக்குப் போட்டால் செட்டில் மூன்றுக்கும் போட வேண்டும்.

ஜூன் 12

எடை பார்க்கும் நாள். புதுத் தண்டால் 6-க்கு 4 கிராம் குறை. மூடி அடியில் 2 கிராம், குமிழ் அடியில் 2 கிராம் வாஷர் சேர்த்ததும் எடையும் சமநிலைப் புள்ளியும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நாலையும் மூடியில் மட்டும் போட்டிருந்தால் புள்ளி கிட்டத்தட்ட அரை செ.மீ. மேலே ஏறியிருக்கும், வேகமாக வீசுகிறவர் கைக்கு அது உடனே தெரியும். 2-இல் உருக்கிச் சேர்த்த கீற்று 2 கிராம் கூட்டியிருக்கிறது. அதை அப்படியே விட்டோம். குடத்தைச் சுரண்டினால் மறுபடி மெலியும்.

ஜூன் 13

மூன்று செட்டும் நூறு நூறு வீச்சு. பிறகு ஒவ்வொன்றையும் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் குமிழ் படப் பத்து முறை போட்டு, மீண்டும் காதருகே ஆட்டல். 3-இல் கால் சுற்று தளர்வு தெரிந்தது, இறுக்கினோம். மற்றவை சத்தமில்லை.

மூடியும் குமிழும் தனித்தனியாகக் கிடைக்கும். நியூயார்க்கின் டூபே, ஜெர்மனியின் ஹென்ரிஸ் இருவரும் உதிரிபாகம் விற்கிறார்கள். மாதிரி மாறினால் ஸ்க்ரூக் குழியின் ஆழமும் மாறும், பழையதை அளந்துவிட்டே வாங்க வேண்டும்.

பை மூடிய காரில் கிடக்க வேண்டாம் என்று மூன்று செட்டிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. 3-இன் குமிழை 20-ஆம் தேதி மறுபடி திருகிப் பார்க்க வேண்டும். இன்னும் தளர்ந்தால் அதற்கும் குறுக்கு ஆப்புதான்.