பாரிஸ் பாலத்துக்குக் கீழே

செப்டம்பர் 8
கனடாவில், ஒன்டாரியோவின் பாரிஸ் ஊரில், கிராண்ட் ஆறு தெளிந்திருக்கிறது, முழங்கால் ஆழத்தில் கல் தெரிகிறது. தூண்டிலில் 3 அங்குல டியூப், குழாய் வடிவ மென்பிளாஸ்டிக் இரை, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், உள்ளே சின்ன ஈயத்தலை. குறுக்கே வீசிச் சுருட்டினால் ஸ்மால்மவுத் பாஸ் மீன் திரும்பியும் பார்க்காது. ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வீசி, நூலில் விழுகிற தொய்வை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், டியூப் தானாகவே கல்லுக்குக் கல் தட்டி உருண்டு வரும், கிரேஃபிஷ் (நன்னீர்ச் சிங்கி இறால்) ஊர்வது மாதிரி. அந்தத் தட்டல் விரலுக்குத் தெரியாவிட்டால் எடை போதாது, சும்மா சும்மா சிக்கினால் எடை கூடிவிட்டது. பாறைக்குப் பின்னாலுள்ள சுழியும் ஓட்டமும் உரசுகிற கோட்டில்தான் மீன் நிற்கும்.

செப்டம்பர் 10
ஆஸ்பத்திரி அழைப்பு வரவில்லை.

செப்டம்பர் 14
விடியப்புறம், தண்ணீர்மேல் மிதக்கிற போலி இரை. கோல்முனையைக் கீழே வைத்துச் சுண்டச் சுண்ட அது இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு வரும். தண்ணீர் வெடித்ததும் கோலை வெட்டக்கூடாது, கையில் பாரம் ஏறும்வரை பொறுக்க வேண்டும். சொல்வது சுலபம். ஒன்று வந்தது, 40 சென்டிமீட்டருக்குக் குறையாது, சிவந்த கண், தொண்டைக்குள்ளிருந்து கிரேஃபிஷின் மீசை இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. வயிறு நிறையத் தின்றுவிட்டும் அடித்திருக்கிறது!

திருப்பி விட்டேன். அண்ணைக்குச் சொன்னால், "அவ்வளவு பெரிசை விட்டிட்டு வாறியோ, விசரா? ஒரு குழம்பு வைச்சிருக்கலாமே" என்கிறார். இந்தக் குளிரில் இவை மெதுவாகத்தான் வளரும், அந்த அளவுக்கு வர ஏழெட்டு வருசமாவது ஆகியிருக்கும். அண்ணைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

செப்டம்பர் 17
போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்புப் பையில் வைத்திருக்கிறேன். அது அதிர்ந்த மாதிரி அடிக்கடி தோன்றுகிறது. மீன் கடித்த இரண்டு தடவையும் கை முதலில் பைக்குத்தான் போனது.

செப்டம்பர் 24
மழை. ஆறு தேநீர் நிறம். நீரோட்ட அளவை இணையத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், போனைத் திறக்க அது ஒரு சாக்கு. கலங்கினால் மீன் கரையோரம் ஒதுங்கும், தகடு சுழன்று அதிர்வு கொடுக்கிற ஸ்பின்னர் இரை எடுபடும். போகவில்லை.

அக்டோபர் 6
தண்ணீர் 12 பாகை செல்சியஸ். ஜெர்க்பெயிட், சின்ன மீன் வடிவ இரை: இரண்டு சுண்டு, பிறகு நிறுத்தம். கோடையில் ஒரு விநாடி நிறுத்தினால் காணும், இப்போது ஐந்து, ஆறு. கடிப்பதெல்லாம் அந்த நிறுத்தத்தில்தான், அதுவும் கைக்குத் தெரியாது, நூல் பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். வீடியோக்களில் பதினைந்து விநாடி என்கிறார்கள். ஏரிக்காரர் கதை. ஆற்றில் அதற்குள் இரை எங்கேயோ போய்விடும், ஓட்டம் செத்த மடுவில் மட்டும்தான் சரிவரும்.

அக்டோபர் 9
தெரியாத எண். பதறி எடுத்தால், வீட்டு டக்ட் (காற்றுக்குழாய்) சுத்தம் செய்து தருகிறார்களாம். ஆற்று நடுவில் நின்று கத்திவிட்டேன்.

அக்டோபர் 12
10 பாகைக்குக் கீழே போனதும் எல்லாம் ஆழமான மடுவுக்குள் கூடிவிடும். இனி நெட் ரிக் என்கிற தூண்டில் கட்டுத்தான், அமெரிக்காவின் கான்சஸ்காரர் நெட் கேடியின் பெயரில் வந்தது. காளான் தலை, விரல் நீளப் பிளாஸ்டிக், அடியில் விட்டால் வால் மிதந்து நிமிர்ந்து நிற்கும். எதுவுமே செய்யாமல் வைத்திருப்பதுதான் இதில் வித்தை. எனக்கு வரவில்லை, இன்று கை நிற்கவேயில்லை.

அக்டோபர் 15
ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு எடுத்துவிட்டார்கள். வியாழன் காலை 7 மணி, புதன் நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீரும் கூடாதாம். அண்ணை கார் கொண்டு வருவார். ரப்பர் உடுப்பு இன்னும் ஈரம், கராஜில் காயப்போட வேண்டும்.