கட்டத்துக்குள் வந்த டெக்ஸ்ச்சர் உருண்டைமேல் ஏன் வரவில்லை

ஒரு தாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றில் மரப்பட்டை, ஒன்றில் செங்கல், ஒன்றில் ரோமம் என்று டெக்ஸ்ச்சரால், அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பு போன்ற தன்மையால், நிரப்பச் சொல்லும் பயிற்சி உண்டே, அதன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நான் சேர்ந்த ஓவிய வகுப்பில் மாதக்கணக்கில் அதைத்தான் செய்ய வைத்தார்கள். கட்டங்கள் அழகாகத்தான் வந்தன. ஆனால் அதே பட்டையை ஒரு மரத்தண்டின்மேல் போட்டதும் தண்டு தட்டையாகிவிட்டது, சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி. பயிற்றுநரிடம் காட்டினேன். "இன்னும் டார்க் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். தண்டு கறுத்ததே தவிர உருண்டையாகத் தெரியவில்லை. மறுபடி கேட்டால், பயிற்சி போதாது என்றார்.

பயிற்சியில் குறை இல்லை, கட்டத்தில்தான் குறை. கட்டத்துக்குள் எங்கும் ஒரே வெளிச்சம், கோடுகளுக்கு நடுவே ஒரே இடைவெளி. உருண்ட பொருளில் இரண்டுமே அப்படி இருக்காது. நமக்கு நேரே அகலமாகத் தெரியும் பட்டைப் பிளவுகள் தண்டின் ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கி நெருங்கிவிடும். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மேடு பள்ளம் வெளுத்துப்போகும், ஆழ்ந்த நிழலில் கரைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில், ஒளி நிழலாக மாறுகிற அந்தப் பகுதியில்தான் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். அங்கே ஒளி மேற்பரப்பை உரசிக்கொண்டு சாய்வாகப் போகிறது; ஒவ்வொரு சின்ன மேடும் பக்கத்தில் தன் நிழலைப் போடுகிறது. டெக்ஸ்ச்சர் என்பதே குட்டிக் குட்டி ஃபார்ம்கள்தான், அதாவது கனமுள்ள வடிவங்கள்.

இதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. ஒரு ஆரஞ்சுப் பழத்தை ஒற்றை விளக்குக்குப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தோலின் குழிகள் எங்கே தெரிகின்றன, எங்கே மறைகின்றன என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். இரண்டு பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் நிழலின் எல்லையே குழம்பிவிடும். போட்டோ பார்த்து வரைபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கேமரா ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால், நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எங்களுக்குக் கொடுத்த மாதிரிப் படங்களில் பல அந்த ரகம். அதை வைத்துக்கொண்டு ஃபார்ம் எப்படிப் பழகுவது?

அப்புறம் வரிசையையே மாற்றினேன். முதலில் கோளம், உருளை, கூம்பு, கனசதுரம், வெறும் ஷேடிங் மட்டும். இது பொறுமை கேட்கும் வேலை, பெரிய சிக்கல் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். உருளையின் வாயில் வரும் நீள்வட்டத்துக்கு ஓரங்கள் கூராக முடியக் கூடாது, வளைந்துதான் திரும்ப வேண்டும். நிழல் பக்கத்தில் தெரியும் எதிரொளி, அதாவது சுற்றியுள்ள பரப்புகளில் பட்டுத் திரும்பி வரும் ஒளி, எவ்வளவு வெளிச்சமாகத் தோன்றினாலும், வெளிச்சப் பக்கத்து டோன்களைவிட (கருமை, வெளுப்பின் அளவு) கறுப்பாகவே வையுங்கள். அதை வெளுக்க விட்டால் உருண்டை உடைந்துவிடும்.

தாள் விஷயத்திலும் நேரம் வீணானது. வகுப்பில் பரிந்துரைத்த வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்கவே இல்லை; இரண்டு அடுக்குக்கு மேல் 4பி என்ற மென்மையான பென்சில் வழுக்கிக்கொண்டு பளபளத்தது. கொஞ்சம் சொரசொரப்புள்ள ஸ்கெட்ச் தாளுக்கு மாறியதும் அடுக்கடுக்காக ஏற்ற முடிந்தது. ரொம்பச் சொரசொரப்பும் வேண்டாம், தாளின் டெக்ஸ்ச்சர் பொருளின்மேல் ஏறிவிடும். விரலால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தோலின் எண்ணெய் பட்ட இடம் ரப்பருக்கும் அசையாது. பிசைந்து பயன்படுத்தும் ரப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முனையைக் கூராக்கி ஒற்றி எடுத்தால் குழிகளின் விளிம்பு வெளிச்சம் அப்படியே எழும்பி வரும்.

போன வாரம் மறுபடி மரத்தண்டு வரைந்தேன். தண்டைச் சுற்றி வளையும் மெல்லிய கோடுகளை முதலில் போட்டு, அதன் வளைவைப் பார்த்தபடி பிளவுகளை அமைத்தேன். வெளிச்சப் பக்கத்தில் பெரும்பகுதியைத் தாளின் வெள்ளையாகவே விட்டேன், நிழலுக்குள் ஓரிரு கோடுகள், மீதி எல்லாம் நடுப்பகுதியில். தண்டு உருண்டையாகத் தெரிந்தது! முன்பு போட்டதில் பாதிக் கோடுகூட இல்லை.

உலோகம், கண்ணாடி பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம் என்பேன். அங்கே மேலே சொன்ன கணக்கு செல்லாது. பளபளப்பான பரப்பில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சுற்றியிருப்பவற்றின் பிம்பம். கறுப்பும் வெள்ளையும் நடுவில் எதுவும் இல்லாமல் சட்டென்று முட்டிக்கொள்ளும். அதற்கு முன் கனமான வெற்றுத் துணியைத் தொங்கவிட்டு மடிப்பு வரையுங்கள். பூப்போட்ட துணி மட்டும் வேண்டாம், டிசைன் நிழலை மறைத்துவிடும்.