பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம்: பதிவேட்டிலிருந்து வேலை முடியும் வரை

"பள்ளிக்குக் கழிப்பறை வசதி செய்து தர வேண்டும் எனக் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது." தமிழ்நாட்டின் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால் இந்த வரி மாதாமாதம் கண்ணில் படும். எங்கள் பதிவேட்டிலும் இருந்தது. கழிப்பறையே இல்லையா, கதவு உடைந்திருக்கிறதா, தண்ணீர் வரவில்லையா, எந்த அலுவலகம் செய்ய வேண்டும் என்பது எதுவும் அதில் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இப்படி ஒரு வரியை வைத்துக்கொண்டு யாருக்கும் கடிதம் எழுத முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்தால் அந்த எண்ணம் மாறும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதை 22ஆம் பிரிவு குழுவிடமே கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தைத் தலைமையாசிரியர் தனியாக உட்கார்ந்து நிரப்பி, கடைசி நாளில் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அங்கேதான் முதல் தவறு.

கூட்டத்துக்கு முந்தின வாரம் குழுவில் நான்கைந்து பேர் அளவு நாடா, சாக்பீஸ், கேமரா உள்ள போன் ஆகியவற்றோடு பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஒரு மணி நேரம் போதும். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது.

கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். கட்டடம் இருக்கும், மேலே ஆயிரம் லிட்டர் தொட்டியும் இருக்கும், குழாயில் மட்டும் தண்ணீர் வராது. காரணத்தைத் தேடிப் போனால் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரிடம் போய் நிற்போம். அவர் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறக்கிறார், ஏழரைக்கு மூடிவிடுகிறார். பள்ளித் தொட்டியில், நிறைந்ததும் தண்ணீரைத் தானாக நிறுத்தும் மிதவை வால்வு இல்லாததால் நிறைந்ததும் வழிந்து தெருவில் ஓடியிருக்கிறது. ஊரில் புகார் வர, பள்ளிக்குப் போகும் கேட் வால்வை அவர் மூடியே வைத்துவிட்டார். இன்னொரு வகையும் உண்டு: தண்ணீர் வருகிறது, ஆனால் கூரை மேலுள்ள தொட்டிவரை ஏற அழுத்தம் போதாது. முதல் சிக்கலுக்கு மிதவை வால்வு ஒன்று போதும். இரண்டாவதுக்குத் தொட்டியை நாலடி உயர மேடைக்கு இறக்க வேண்டும், அல்லது தரைத்தொட்டியும் மோட்டாரும் வேண்டும். இரண்டுக்கும் செலவு வேறு, கேட்க வேண்டிய ஆள் வேறு. "கழிப்பறை வசதி" என்று எழுதியதில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. தண்ணீர் இல்லாத கழிப்பறையால் பெண் குழந்தைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதையும் தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதுங்கள், தயங்க வேண்டாம்.

ஒழுகும் கூரைக்கும் இதே முறைதான். விவரம் தெரிந்த ஒருவர் மாடிக்கு ஏறி, மழைநீர் வடிகுழாய் இலையால் அடைத்திருக்கிறதா, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஒழுகலுக்கு அடைத்த வடிகுழாய்தான் காரணம். தேங்கிய நீர் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய கம்பி உப்பி, கீழ்ப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. வகுப்பறைக்குள் நீளக் கம்பால் கூரையைத் தட்டினால் நல்ல இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பூச்சு விட்டுப்போன இடம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். தட்டும்போதே பூச்சு விழலாம், ஆகவே ஓரமாக நின்று தட்டுங்கள், குழந்தைகள் உள்ளே இருக்கக் கூடாது. எழுதும்போது "3ஆம் வகுப்பறை, வடகிழக்கு மூலை, 4 அடிக்கு 3 அடி, கம்பி வெளியே தெரிகிறது" என்று எழுதிப் படத்தை இணைக்க வேண்டும். அன்றே அந்த மூலைக்குக் கீழுள்ள பெஞ்சுகளை நகர்த்திவிட வேண்டும், தீர்மானத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்கள் கணக்கெடுத்து இடிக்கப்பட்டன. அது அவசியமான நடவடிக்கை. ஆனால் இடிப்பதும் கட்டுவதும் வெவ்வேறு கோப்பு, வெவ்வேறு நிதி. இடித்த இடம் வெறுமையாகக் கிடக்க, இரண்டு வகுப்புகள் தாழ்வாரத்தில் நடக்கும் நிலை அப்படித்தான் வருகிறது. இடிக்கக் கோரும் தீர்மானத்தோடு, அதுவரை வகுப்பு எங்கே நடக்கும், புதுக் கட்டடத்துக்கு எத்தனை வகுப்பறை தேவை என்ற தீர்மானத்தையும் அதே நாளில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது யாருக்கு அனுப்புவது. கிராமப்புற ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. உயர்நிலை, மேல்நிலை என்றால் பொதுப்பணித் துறை வருகிறது. பள்ளிக் கல்வித் துறை பெற்றோருக்காக வைத்திருக்கும் டிஎன்எஸ்இடி பேரண்ட்ஸ் செயலியில் ஏற்றியாகிவிட்டது என்று நிறுத்திக்கொள்ளக் கூடாது. காகிதத்திலும் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிப் பதிவேட்டில் ஒட்டுங்கள். அலுவலர் மாறினால் அந்த ஒப்புகைதான் பேசும். அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர் இணைப்பு, சுற்றுச்சுவர் போன்றவை ஊராட்சி வழியாகவே எளிதில் நடக்கும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி மானியம் 30 குழந்தைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மிதவை வால்வும் வடிகுழாய்ச் சுத்தமும் இதிலேயே அடங்கும். ஆனால் 2024-25இல் ஒன்றிய அரசு நிதியை நிறுத்திவைத்தபோது என்ன ஆனது என்பதை எல்லாரும் பார்த்தோம். இந்தத் தொகையை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையில் தேதிதான் முக்கியம். சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 120 வரை நான்கு. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்து நடக்கிறது. ஆகவே 61ஆவது குழந்தை ஜூலை முடிவதற்குள் மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையத் தொகுப்பான எமிஸில் ஏறியிருக்க வேண்டும். சில நேரம் குழந்தை நம் பள்ளியில் உட்கார்ந்திருக்கும், பெயர் மட்டும் பழைய தனியார் பள்ளியின் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். கட்டண பாக்கி என்று சொல்லி அந்தப் பள்ளி, வேறு பள்ளிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய எமிஸ் பொதுத் தொகுப்புக்கு அந்தப் பெயரை விடுவிக்காது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவது சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கையை உடனே போட்டு, எமிஸ் எண்ணை விடுவிக்கச் சொல்லி வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஜூன் மாதமே எழுதுங்கள். ஆகஸ்டில் எழுதினால் பதில் சரியாகவே வரும், ஆசிரியர் வர மாட்டார்.

கட்டடத்தைப் பற்றி எல்லாப் பெற்றோரும் பேசுகிறார்கள். பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்வதாகிவிடுமோ என்ற தயக்கம் அது. கொரோனா அடைப்புக்குப் பிறகு 2021இல் தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பது உண்மையான முன்னேற்றம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு அங்கிருந்து தொடங்கும் முறை அது. அந்த நிலை என்ன என்று பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு அட்டை போதும்: எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, ஒரு சிறு கதை. பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு குழந்தையையும் மற்றவர் காதில் விழாத தூரத்தில் தனியாக உட்கார வைத்து, பத்தியில் தொடங்கி, திணறினால் சொல்லுக்கு இறங்குங்கள், சரளமாகப் படித்தால் கதைக்கு ஏறுங்கள். தலைக்கு ஐந்து நிமிடம், மூன்று பேர் இருந்தால் நாற்பது குழந்தைகளை ஒரு பிற்பகலில் முடிக்கலாம். எங்கே திக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எழுத்து தெரியாமல் இல்லை. "ப", "ட்", "ட", "ம்" என்று நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டு "பட்டம்" என்று சேர்க்க முடியாமல் குழந்தை நிமிர்ந்து பார்க்கும். இன்னொரு குழந்தை கொம்பும் காலும் இருபுறமும் வரும் கொ, கோ வரிசையில் தடுமாறி நிற்கும். இந்த இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு.

முடிவை முதலில் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், பிறகுதான் கூட்டம். தீர்மானத்தில் குழந்தையின் பெயர் வரக் கூடாது, எண்ணிக்கை மட்டும். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைச் சரிசெய்ய எது தடையாக இருக்கிறது? ஈராசிரியர் பள்ளியில் பதில் பெரும்பாலும் ஒன்றே. தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அந்த நாட்களை வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று சட்டம் சொல்கிறது, அதில் எத்தனை நாள் ஒரே ஆசிரியர் இருந்தார் என்ற எண்ணைத் தீர்மானத்தில் வைத்து, அந்த நாட்களுக்கு மாற்று ஆசிரியர் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நான்கு அட்டையோடு, வேறு பத்தி, வேறு கதையோடு மறுபடி உட்காருங்கள்.