சினைப் பசுவுக்கு அம்மை வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனை

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் கொட்டகையில் கொசுவும் கடிக்கிற ஈயும் பெருகிவிடும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஃபிரீசியன் கலப்புப் பசு தீவனத்தைத் தொடாமல் நின்றது. ஏழு மாதச் சினை. காய்ச்சல் 105 டிகிரிக்கு மேல். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் நிணநீர் முடிச்சு வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டது. மறுநாள் கழுத்தில் தடிப்புகள். தோல் கழலை நோய் போலத் தெரிகிறது என்றார் டாக்டர். மாட்டு அம்மை என்று பலர் சொல்வது இதைத்தான்.

பார்த்தாலே தெரிகிறதே, ரத்தம் எதற்கு என்று கேட்டேன். காய்ச்சலும் முடிச்சு வீக்கமும் உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணியான தைலேரியாவிலும் வரும், அதற்கு மருந்தே வேறு என்றார். அவசரமாகக் கட்டிப் பிடிக்க விடவில்லை. "அடங்கட்டும்ணே, மிரண்ட மாட்டுக்கு வெள்ளை அணு கூடுதலாக் காட்டும்" என்று காத்திருந்து, கழுத்து நரம்பில் எடுத்தார். ஊதா மூடிக் குழாயில் பிடித்து, உறையாமல் இருக்க மெதுவாகப் புரட்டினார். அங்கேயே ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் இழுத்துக் காயவைத்தார். குழாயை ஐஸ் பெட்டியில் போட்டு அன்றைக்கே ஊட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

சில்லில் தைலேரியா இல்லை. வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3,400. மாட்டுக்கு 4,000 முதல் 12,000 வரை இருக்க வேண்டும். சீட்டில் அடுத்த வரியில் வெள்ளை அணுவின் வகைகள்: நியூட்ரோபில் 58 சதவீதம், லிம்போசைட் 38 சதவீதம் என்று இருந்தது. மாட்டு ரத்தத்தில் லிம்போசைட்தான் அதிகம் இருக்க வேண்டியது, இங்கே தலைகீழ். நியூட்ரோபில் ஏறிவிட்டது, சீழ் வைக்கிற கிருமியோ என்று பயந்தேன். டாக்டர் சதவீதத்தை மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிக் காட்டினார். நியூட்ரோபில் 1,972, சரியான அளவுதான். லிம்போசைட் 1,292. அது 2,500-க்குக் குறையக் கூடாது. ஏறியது எதுவும் இல்லை, லிம்போசைட் விழுந்திருக்கிறது. இந்தக் கணக்கை மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏன் விழுகிறது? சில வைரஸ்கள் அந்த அணுக்களையே அழிக்கும். முன்பு மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் அப்படிப்பட்டது. 2011-இல் அது உலகத்திலேயே ஒழிந்தது. இன்னொன்று, காய்ச்சலின் தொடக்கத்தில் லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விடும். நோயின் அழுத்தத்தில் உடம்பில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் அவற்றைக் குறைக்கும். ஆனால் எல்லா வைரஸும் லிம்போசைட்டைக் குறைப்பதில்லை. மாட்டு லுகேமியா வைரஸ் சில மாடுகளில் லிம்போசைட்டை வருடக்கணக்கில் ஏற்றியே வைத்திருக்கும். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்ல முடியாது. நோயை உறுதி செய்தது தடிப்பின் பொருக்கில் வைரஸின் மரபணுவைத் தேடிச் செய்த பிசிஆர் சோதனைதான்.

பிறகு எண்ணிக்கையால் என்ன பயன்? எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொன்னது. காய்ச்சல் சட்டென்று இறங்க ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார்கள் சிலர். டாக்டர் மறுத்துவிட்டார். ஏற்கெனவே விழுந்த லிம்போசைட்டை அது இன்னும் இறக்கும், சினையும் கலையலாம். அணு குறைந்திருக்கும்போது வேறு கிருமி சுலபமாக நுழையும் என்பதால்தான் ஆன்டிபயாடிக் தந்தார். வைரஸை அது தொடாது. பசுவைத் தனியாகக் கட்டிக் கொசுவலை போட்டோம். உடைந்த தடிப்புகளில் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் சேர்த்துக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தடவினோம். பக்கத்துக் கொட்டகைகளில் காய்ச்சல் இல்லாத மாடுகளுக்கு மட்டும், இந்த வைரஸுக்கு நெருங்கிய உறவான ஆட்டம்மையின் தடுப்பூசி போட்டார்கள்.

காய்ச்சல் விட்டு அசைபோட ஆரம்பித்த பிறகு மறுபடி ரத்தம் கொடுத்தோம். 8,100, அதில் லிம்போசைட் 55 சதவீதம். அப்புறம்தான் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார். தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, மடியில் கட்டி எதுவும் வரவில்லை.

ரத்தம் கொடுக்கும்போது மொத்த எண்ணிக்கையோடு வகைவாரியாகவும் எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதையும் சீட்டில் குறிப்பிடுங்கள். அது தெரிந்தால்தான் டாக்டருக்கு அந்த எண்களைப் படிக்க முடியும்.