ஆன்டீட்டத்தில் ஒரு செங்கல் சிலுவை

அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களத்தில் 96 நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வடபகுதிப் படைப்பிரிவுகளுக்கு எழுப்பப்பட்டவை. பலவற்றில் பீடத்தின் மேல் துப்பாக்கி பிடித்த சிப்பாய் நிற்பார், கீழே படைப்பிரிவின் எண் இருக்கும். இங்கே காயப்பட்டவர்களுக்கு உதவி, பின்னாளில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய கிளாரா பார்ட்டனுக்கான கல் இந்த வரிசையில் சேராது. சீராகச் செதுக்காத கல் அது, முகமோ சிலையோ கிடையாது. அடியில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புச் சிலுவை. பெயிண்ட் என்று நினைத்துக் கடந்துவிடுபவர்கள் உண்டு. மாசசூசெட்ஸின் நார்த் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பிறந்த வீட்டுப் புகைபோக்கியிலிருந்து எடுத்துவந்த செங்கல் அது.

மேரிலாந்தின் ஷார்ப்ஸ்பர்க் ஊரை ஒட்டிய இந்தக் களம் வாஷிங்டனிலிருந்து சுமார் 70 மைல். காரில் சுற்றும் பாதை 8.5 மைல், 11 நிறுத்தங்கள். இரண்டாவது நிறுத்தமான வடக்குத் தோப்புக்குப் பக்கத்தில், மான்ஸ்ஃபீல்ட் அவென்யூவில், ஜோசப் போஃபன்பெர்கர் பண்ணையருகே கல் நிற்கிறது. பார்வையாளர் மையத்திலிருந்து ஹேகர்ஸ்டவுன் சாலையில் வடக்கே போய் வலது பக்கம் திரும்ப வேண்டும். அதே அவென்யூவில் பென்சில்வேனியா ரிசர்வ் படைகளின் சிப்பாய்ச் சிலைகள் 1906-இல் வந்துவிட்டன. பார்ட்டனின் கல் 1962 செப்டம்பரில்தான் வந்தது, போரின் நூற்றாண்டுக்கு. அவர் இறந்தே 50 ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் அங்கே செய்தது என்ன? ஒரே வார்த்தையில், சரக்கு கொண்டுவந்தார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே பகலில் இரு தரப்பிலுமாகச் சுமார் 23,000 பேர் மாண்டோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். ஃபிரெடரிக் நகருக்கு அருகே மொனாக்கசி ஆற்றின் ரயில் பாலத்தைத் தென்படை தகர்த்திருந்ததால் மருந்துச் சரக்கு வழியிலேயே தேங்கியது. போதாததற்கு, படை நகரும்போது பீரங்கிகளும் வெடிமருந்தும் முன்னே போகும், கட்டுத்துணி வண்டிகள் கடைசியில் வரும். மைல்கணக்கில் நீளும் அந்த வரிசையைப் பகலில் முந்த யாரும் வழிவிட மாட்டார்கள். பார்ட்டன் செய்த தந்திரம் சாதாரணமானது: எல்லாரும் படுத்துத் தூங்கும் நடுராத்திரியில் தன் வண்டியை ஓட்டவைத்து, விடிவதற்குள் பீரங்கிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். பண்ணையை அடைந்தபோது, கட்டுத்துணி தீர்ந்து சோளக்கதிரின் பச்சை மடலை வைத்துக் காயங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் மருத்துவர்கள்.

என்ன கொண்டுபோவது என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது முந்தைய மாதம். வர்ஜீனியாவில் நடந்த இரண்டாம் புல் ரன் போருக்குப் பிறகு ஃபேர்ஃபாக்ஸ் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தில் அவர் கையில் இருந்தவை: 2 வாளி, 5 தகரக் குவளை, 1 பெரிய கொதிகலம், 1 சிறிய சட்டி, 2 லாந்தர், 4 ரொட்டிக் கத்தி, 3 தட்டு, 2 குவார்ட் (சுமார் 2 லிட்டர்) பிடிக்கும் ஒரு தகரப் பாத்திரம். சாப்பாடு போட வேண்டியது 3,000 பேருக்கு. ஜாம் ஜாடிகளைக் காலிசெய்து, அவற்றில் சூப் ஊற்றிக் கொடுத்தார்கள். காயப்பட்டவர்கள் படுத்திருந்தது வைக்கோல் பரப்பிய தரையில். இடையில் புகுந்து நடந்தவர்கள் கையில் மெழுகுவர்த்தி. ஒன்று தவறி விழுந்திருந்தால் அத்தனையும் பற்றியிருக்கும். அதனால்தான் ஆன்டீட்டத்துக்குப் போன வண்டியில் லாந்தர்கள் ஏறின. ராத்திரியானதும், ஒரு துண்டு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு தவித்த மருத்துவருக்கு அவைதாம் வெளிச்சம்.

உணவிலும் இதே கதை. ரொட்டி தீர்ந்து ஒயின் பெட்டிகளை உடைத்தபோது, புட்டிகளைச் சுற்றி வழக்கமாக இருக்கும் மரத்தூளுக்குப் பதிலாகக் கடைசி மூன்று பெட்டிகளில் சலித்த சோளமாவு இருந்தது. பண்ணைவீட்டு நிலவறையில் மாவுப் பீப்பாய்களும் ஒரு மூட்டை உப்பும் கிடைத்தன. எல்லாம் கஞ்சியாயின.

காயப்பட்ட ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது குண்டு பார்ட்டனின் சட்டைக்கையைத் துளைத்து, குடித்துக்கொண்டிருந்தவரைக் கொன்றது. அந்த ஓட்டையை பார்ட்டன் தைக்கவே இல்லை. வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வது இதைத்தான். எனக்கென்னவோ லாந்தர்தான் பெரிதாகத் தெரிகிறது.

கல்லில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று படிக்க வேண்டும். அன்பும் கருணையும் கொண்ட இச்செயலே இன்றைய அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணம் என்கிறது. இடையில் ஏறக்குறைய இருபது வருடம் விடுபட்டுப் போகிறது. 1862-இல் செஞ்சிலுவைச் சின்னம் உலகில் எங்குமே கிடையாது. ஜெனீவா ஒப்பந்தம் 1864-இல்தான் வந்தது. பார்ட்டன் அந்த அமைப்பைப் பற்றித் தெரிந்துகொண்டது 1869-இல் ஐரோப்பா போனபோது. அமெரிக்கச் சங்கம் தொடங்கியது 1881-இல். சோள வயலோரம் அன்று நின்ற பெண்ணுக்கு இந்தச் சிலுவை எதையும் சொல்லியிருக்காது.

இடத்திலும் ஒரு சிக்கல். அவருடைய வண்டி ஜோசப் போஃபன்பெர்கர் பண்ணையில் நின்றதா, கிழக்குத் தோப்புப் பக்கம் இருந்த சாமுவேல் போஃபன்பெர்கர் பண்ணையிலா என்று ஆய்வாளர்களிடையே வழக்கு உண்டு. குடும்பப் பெயர் ஒன்று என்பதால் குழப்பம் எளிது. அவரைப் 'போர்க்களத்தின் தேவதை' என்று கடிதத்தில் எழுதிய மருத்துவர் ஜேம்ஸ் டன், 111-ஆவது பென்சில்வேனியாப் படையைச் சேர்ந்தவர். அந்தப் படை மோதியது கிழக்குத் தோப்பை ஒட்டித்தான். ஆகவே இரண்டாவது பண்ணைக்குக் கொஞ்சம் கூடுதல் வலு இருப்பதாகவே படுகிறது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உச்சிவெயிலில் கல்லெழுத்து தட்டையாகத் தெரியும், படமும் சரியாக வராது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் விழும்போது போங்கள். முடியாவிட்டால் ஒரு முகக்கண்ணாடியால் வெளிச்சத்தை ஓரத்திலிருந்து சாய்த்து அடித்தால் எழுத்து நிழலோடு எழும்பும். சுண்ணக்கட்டி, மாவு எதையும் எழுத்தில் தேய்க்க வேண்டாம். துகள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும்.

செங்கல்லைத் தொடாமல் இருப்பது நல்லது. பழைய கைச்செங்கல் மென்மையானது, நீரை உறிஞ்சும். மேரிலாந்துக் குளிரில் உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிந்தால் மேல்தோல் செதிலாக உரியும். இப்படிப்பட்ட செங்கல்லைச் சுற்றிச் சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டி. ஈரம் பூச்சு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே வெளியேறி அதை அரிக்கும். சுண்ணாம்புக் காரைதான் சரி: அது செங்கல்லுக்கு முன்னால் தேயும், தேய்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.