வலி நின்ற பிறகு வராதவர்கள்

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். சிங்கப்பூரில் எங்கள் பல் கிளினிக்கின் கதவைத் திறப்பதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. முறுக்கு, தட்டை, பொருள்விளங்கா உருண்டை... எங்களுக்கு இதுவும் ஒரு சீசன்தான். (நான் டாக்டர் இல்லை, உதவியாளர். வருகிறவர்களின் ஊர், வயது எல்லாம் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

முற்பகலில் வந்த ஆன்ட்டிக்கு எந்தப் பல் என்றே சொல்லத் தெரியவில்லை. "இந்தப் பக்கம் பூராவும்தாம்மா. எப்பவாச்சும் சுரீர்னு ஒண்ணு." எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியைக் கடைவாய்ப்பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தபோதெல்லாம் ஆன்ட்டி சும்மா இருந்தார். கடைசி முனையில், கடித்துவிட்டு வாயைத் திறந்த நொடியில், நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடியை விடும்போது வலித்தால் பல்லில் விரிசலாக இருக்கலாம். கடிக்கையில் விலகிய விரிசல் விட்டதும் சட்டென்று மூடும். அந்த அசைவு உள்ளே நரம்பைச் சுண்டிவிடுகிறது. மயிரிழை விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. பெரிய பழைய ஃபில்லிங் இருக்கிற பல்லில்தான் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

விரிசல் மேலோடு நின்றிருந்தால் கேப் (பல்லை மூடும் உறை) போட்டு இறுக்கிவிடலாம். நரம்பு வரை போயிருந்தால் முதலில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்), அப்புறம் கேப். வேரே பிளந்திருந்தால் பிடுங்குவதுதான் வழி. ஆன்ட்டியுடையது முதல் வகை மாதிரி தெரிகிறது. தேதி கொடுத்து அனுப்பினோம்.

அக்டோபர் 23, வியாழன்

ஐஸ் மைலோ குடித்தால் கூசுகிறது என்று ஓர் இளைஞர். சொத்தை இல்லை. சுவரைத் தேய்ப்பதுபோல் பல் தேய்க்கிறார். ஈறு இறங்கி, எனாமல் மூடாத கீழ்ப்பகுதி வெளியே தெரிகிறது. மிருதுவான பிரஷ், கூச்சத்துக்கான பற்பசை, குழிந்த இடத்தில் சின்ன ஃபில்லிங். அவ்வளவுதான்.

டாக்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டார்: குளிர்ச்சி போன பிறகும் வலி நீடிக்கிறதா? சில நொடிகளில் அடங்கினால் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். நிமிஷக்கணக்கில் நீடித்தாலோ, சூடு பட்டால் குத்தினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, ஃபில்லிங்கோடு முடிகிற விஷயம் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

இன்றைக்கு வந்த தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், இங்கே கட்டுமான வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். வலது தாடை வீங்கியிருந்தது. கொஞ்ச நாள் முன்னால் தாங்க முடியாத வலியாம். படுத்தால் விண்விண்ணென்று தெறிக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டே இரவைக் கழித்திருக்கிறார். கூட்டாளி ஒருவர் கிராம்பு கொடுத்திருக்கிறார், இன்னொருவர் பனடால் வலி மாத்திரை. பிறகு ஒரு நாள் காலையில் வலி இல்லை. "முருகன் காப்பாத்திட்டான்னு நெனச்சேங்க்கா."

டாக்டர் பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து அந்தப் பல்லில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார் தம்பி. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் டாக்டர் லேசாகத் தட்டியதும் துள்ளிவிட்டார். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் உருண்டையாக ஒரு கறுப்பு நிழல்.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் கடினமான சுவர்களுக்கு நடுவே அடைபட்டிருக்கின்றன. சொத்தை அங்கே எட்டி வீக்கம் வந்தால் விரிய இடம் கிடையாது. தலையைச் சாய்த்தால் அழுத்தம் கூடும், அதுதான் அந்தத் தெறிப்பு. நாளாக ஆக நரம்பு செத்துப்போகும், வலி நின்றுவிடும். கிருமி நிற்காது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கும்.

"மாத்திரை மட்டும் குடுங்கக்கா, போதும்." இதைக் கேட்காத நாளே இல்லை. ஆன்டிபயாட்டிக், வீக்கம் பரவினால் அல்லது காய்ச்சல் இருந்தால் துணைக்குத்தான். ரத்த ஓட்டமே போய்விட்ட பல்லுக்குள் மருந்து எப்படிப் போகும்? டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லில் துளையிட்டார். சீழ் வடிந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. தம்பியின் தோள் தளர்ந்ததை மட்டும் பார்த்தேன்.

இனி வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பிடுங்குவது. இரண்டுக்கும் ஆகும் செலவை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. பில்லைப் பார்த்துப் பயந்தவர் திரும்ப வரமாட்டார். சாஸ் என்கிற அரசாங்க மருத்துவ மானிய அட்டை சிங்கப்பூரர்களுக்குத்தான், இவருக்குக் கிடையாது. வெளிநாட்டு ஊழியர்களுக்குப் பல் சிகிச்சை தரும் ஹெல்த்சர்வ் அமைப்பின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இங்கேயே அடுத்த தேதியும் போட்டிருக்கிறது. வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடச் சிரமமானாலோ, எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னேன்.

கிராம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் உள்ள யூஜினால் பல் மருத்துவத்திலும் புழங்குகிற பொருள்தான், கொஞ்சம் மரக்க வைக்கும். ஆனால் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றினால் புண்ணாகிவிடும். ஆஸ்பிரினைப் பல்லோரம் அதக்கி வைப்பதும் அப்படியே.

நவம்பர் 1, சனி

கட்டாய தேசிய சேவையில் இருக்கும் பையன். பாதி முளைத்த ஞானப்பல்லை மூடியிருந்த ஈறுக்கு அடியில் சோறு சிக்கி வீங்கிவிட்டது. உப்புநீர் பீய்ச்சிக் கழுவினோம். வீக்கம் வடிந்த பிறகு அறுவை. அம்மாவுக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கவலை. பொதுவாக அறுவை இருந்தால்தான் மெடிசேவ் எடுக்க முடியும், இதற்கு எடுக்கலாம் என்றதும் முகம் தெளிந்தது.

அப்புறம் ஓர் அங்கிள். மேல்வரிசையில் பின்பற்கள் எல்லாமே வலிக்கின்றன, குனிந்தால் அதிகம். சளி பிடித்து ஒரு வாரமாம். கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் தரை மேற்பல் வேர்களை ஒட்டியே இருக்கிறது, அங்கே சளி அடைத்தால் பல்வலி மாதிரியே தெரியும். பற்களைச் சோதித்துவிட்டு, எதையும் குடையாமல் பொது மருத்துவரிடம் அனுப்பினார் டாக்டர். இது மாதிரி நாளில் எங்கள் டாக்டர்மேல் மரியாதை கூடுகிறது.

நவம்பர் 6, வியாழன்

காலையில் ஒருவருக்கு வேர் சிகிச்சை. ரூட் கெனால் என்றாலே உயிர் போகும் என்று யார் கிளப்பிவிட்டதோ. நன்றாக மரத்துப்போன பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி, மெல்லிய ஊசி அரங்களால் வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டா பெர்ச்சா என்கிற ரப்பர் மாதிரியான பொருளால் அடைக்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள், அதனால் நேரம் பிடிக்கும். இவர் நடுவில் குறட்டையே விட்டார்.

மாலையில் முறுக்கு ஆன்ட்டியின் போன். "இப்ப வலியே இல்லம்மா, கேன்சல் பண்ணிடு. நான் அந்தப் பக்கம் கடிக்கறதே இல்ல." கடிக்காவிட்டால் எப்படி வலிக்கும் ஆன்ட்டி? எலும்பு முறிந்தால் ஒட்டும், பல் விரிசல் ஒட்டாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, புதன்கிழமை பேத்தியோடு வருகிறேன் என்றார்.

நவம்பர் 12, புதன்

ஆன்ட்டி வந்தார். பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, தற்காலிகக் கேப் போட்டாயிற்று. இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் ஒட்டும் பண்டம் வேண்டாம் என்றதற்கு, "அல்வாவுமா?" என்றார்.

புதுக்கோட்டைத் தம்பிக்கும் இன்றுதான் தேதி. வரவில்லை. துளையை மூடிய தற்காலிக மருந்து ரொம்ப நாள் தாங்காது. மாலையில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பார். ஞாயிறு காலையிலும் திறந்திருப்போம், லீவு கேட்க வேண்டாம் என்று குரல்பதிவு அனுப்பினேன். காலையில் ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்துத் திரும்பவும் கூப்பிட வேண்டும்.