நகரத்து எஃப்எம் நிழலில் ஒரு புறநகர் நிலையம்: விண்ணப்பம் முதல் ஒலிபரப்பு வரை

எங்கள் எஃப்எம் நிலையத்துக்கான உரிம விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது ஒரே ஒரு எண்ணால். ஆன்டெனா உயரம் கேட்ட கட்டத்தில் தரையிலிருந்து 40 மீட்டர் என்று எழுதிவிட்டோம். உரிம அலுவலகம் கேட்டதோ சுற்றுவட்டார நிலமட்டத்தின் சராசரிக்கு மேல் எவ்வளவு உயரம் என்று. கோபுரம் நிற்கும் இடம் 25 மீட்டர் பள்ளமாக இருந்தால் அந்த 40, கணக்கில் 15 ஆகிவிடும். பிரிவு எழுத்தர் அதை விளக்கவில்லை. "உயரம் தவறு" என்று இரண்டே சொல் எழுதித் திருப்பிவிட்டார்.

இரண்டாவது தடவை அட்சரேகையில் மாட்டிக்கொண்டது. போன் காட்டுவது தசமப் பாகை, படிவம் கேட்பது பாகை, நிமிடம், விநாடி. 0.45 பாகை என்றால் 27 நிமிடம். அதையே 45 நிமிடம் என்று எழுதினால் வரைபடத்தில் கோபுரம் 33 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும். அனுப்பும் முன், எழுதிய எண்ணை மறுபடி தசமமாக்கி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எங்களுக்கு ஒரு பயணமே வீணானது.

மின் இணைப்பு, ஸ்டுடியோ எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

அலைவரிசைதான் பெரிய பாடம். பட்டியலில் 99.4 மெகாஹெர்ட்ஸ் காலியாக இருந்தது. ஆனால் நகரத்துக் கோபுரங்களைப் பார்த்த வீடுகளில், சாதாரண ரேடியோவில் அங்கே இரண்டு நிலையங்கள் கலந்து கேட்டன. நகரத்தில் 95.0, 97.2 இரண்டும் பலமாக ஒலிக்கின்றன. 97.2-ஐ இரட்டித்து 95.0-ஐக் கழித்தால் 99.4. இந்தக் கலப்பு ரேடியோப் பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. நம் டிரான்ஸ்மிட்டரில் கொஞ்சம் வாட்ஸ் கூட்டினால் தீராது. கண்டுபிடிக்க எளிய வழி: ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே 3 டெசிபல் குறைப்பானை, அதாவது சிக்னலின் சக்தியைப் பாதியாக்கும் சின்னப் பாகத்தை, போடுங்கள். உண்மையான சிக்னல் 3 டெசிபல்தான் இறங்கும். கலப்பு 9 இறங்கும். நாங்கள் வேறு அலைவரிசைக்கு மாறினோம்.

பக்கத்து நிலையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.412 பரிந்துரைப்படி, ஸ்டீரியோவில் 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் நிலையத்தைவிட நாம் 7 டெசிபல் பலமாக இருக்க வேண்டும். 400 தள்ளியிருந்தால் அது நம்மைவிட 20 டெசிபல் பலமாக இருந்தாலும் தாங்கும். புறநகர் நிலையத்துக்கு இந்த 400 உயிர்நாடி.

அதே பரிந்துரை ஸ்டீரியோவுக்குத் தேவையான புலவலிமையை, அதாவது கேட்கும் இடத்தில் சிக்னலின் பலத்தை, டெசிபல் அளவில் கிராமப்புறத்துக்கு 54, பெருநகரத்துக்கு 74 என்கிறது. இடையிலுள்ள 20 டெசிபல் என்றால் 100 மடங்கு சக்தி. நகரத்தைப் பிடிக்க ஆசைப்பட்டு ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பும் நிலையங்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அங்கேயும் கேட்காது, சொந்த ஊரிலும் இரைச்சல். விளம்பரம் தரும் கடைக்காரர் அவர் கடையில் நிலையம் கேட்கிறதா என்றுதான் பார்ப்பார். பணம் இருந்தால் உயரத்தில் போடுங்கள். சக்தியை இரட்டித்தால் 3 டெசிபல். உயரத்தை இரட்டித்தால், சமதரையில், ஏறத்தாழ 6.

முதல் மழையில் எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனா பக்கமிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் விகிதம், 1.1-லிருந்து 1.8-க்கு ஏறியது. திரும்பி வரும் சக்தி 8 சதவீதம் ஆனதும் டிரான்ஸ்மிட்டர் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், நடு ஊசியில் பச்சைப் பூப்பு. டேப்பை மேலிருந்து கீழே சுற்றியிருந்தார்கள். கீழிருந்து மேலே சுற்றினால்தான் ஓடு வேய்ந்த மாதிரி நீர் வழியும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் கீழே தொங்கும் ஒரு வளைவும் விடுங்கள்.

நிலையத்தின் பெயரைக் கார் ரேடியோவில் காட்டும் ஆர்டிஎஸ் பெட்டியில், நிலையத்தின் அடையாளமான பிஐ எண்ணைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடாதீர்கள். அதே எண் இன்னொரு நிலையத்துக்கும் இருந்தால், நம் சிக்னல் தளரும் இடத்தில் சில கார் ரேடியோக்கள் அங்கே தாவிவிடும். "நடுவழியில் நிலையம் மாறுது" என்று வந்த புகாருக்கு இதுதான் காரணம்.

கடைசியாக, பேச்சு நிகழ்ச்சிகளின்போது ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலை அணைத்து மோனோவில் விட்டோம். எல்லையோரத் தெருக்களில், சமையலறை ஜன்னலோரம் இருக்கும் சின்ன ரேடியோக்களில், உஸ்ஸென்ற இரைச்சல் அன்றே அடங்கியது.